மகளுக்கு ஜீன் சீக்வென்சிங் துறை சரிப்படுமா?

வணக்கம் ஐயா. நீட்டில் மருத்துவ இடம் எட்டாத மகள் பி.டெக். பயோடெக் படித்து, டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்தறியும் சீக்வென்சிங் துறைக்குப் போகிறேன் என்கிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் பட்டம் வாங்கிய கையோடு ஐ.டி. சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள், முதுநிலை வரை போனால்தான் இதில் பிடிப்பு.

மனித டி.என்.ஏ.வைப் படித்தறிய 1990ல் தொடங்கி 2003ல் முடிந்த மனித மரபணுத் திட்டத்துக்குச் சுமார் 300 கோடி டாலர் ஆனது. இன்று ஒருவரின் டி.என்.ஏ. முழுவதையும் ஆயிரம் டாலருக்கும் குறைவாகப் படித்துவிடலாம். இதைச் சாத்தியமாக்கிய இல்லுமினா நிறுவனத்தின் முறையை முதலில் உருவாக்கிய இருவரில் ஒருவரான சங்கர் பாலசுப்பிரமணியன் சென்னையில் பிறந்தவர்தான். டி.என்.ஏ. துண்டுகளைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டவைத்து, டி.என்.ஏ.வின் 'எழுத்துகள்' எனப்படும் நான்கு வேதிப்பொருள்களில் ஒவ்வொன்றாகச் சேரச்சேர மின்னும் நிறத்தைக் கேமரா படம்பிடிக்கும். கோடிக்கணக்கான துண்டுகளில் ஒரே நேரத்தில் இது நடக்கும். படிக்க வேண்டியது ஆர்.என்.ஏ. என்றால் பெரும்பாலும் முதலில் அதை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்வார்கள்.

இதுவரை எந்திரத்தின் வேலை. பெரிய லேப்களில் மாதிரி தயாரிப்பதைக்கூட ரோபோ செய்கிறது. கடைசியில் கையில் வருவது ஃபாஸ்ட்க்யூ என்ற கோப்பு: எழுத்துகளும், ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பெண்ணும். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று பிழையாகலாம். அந்த எழுத்துக் குவியலில் ஒரு குழந்தையின் நோய்க்குக் காரணமான மாற்றம் எது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

ஆகவே முதலாண்டிலிருந்தே லினக்ஸ் இயங்குதளம், பைத்தான், ஆர் (R) என்ற கணினி மொழிகள், புள்ளியியல் பழகட்டும். அமெரிக்க அரசின் உயிரியல் தரவு மையமான என்.சி.பி.ஐ. (NCBI) தளத்தில் உண்மையான ஆய்வுத் தரவுகள் இலவசம். கேலக்ஸி (Galaxy) என்ற இணையதளத்தில் அவற்றைக் காசில்லாமல் அலசிப் பார்க்கலாம். வெளிவந்த ஒரு கட்டுரையின் முடிவைத் தானே மறுபடி எடுத்துக் காட்டினால், வாரக்கடைசி சான்றிதழ் வகுப்புகள் பத்தைவிட மேல். (அந்த வகுப்புகளுக்கு வாங்கும் கட்டணம் எனக்கே வயிற்றெரிச்சல்.)

கல்லூரியில் 'சீக்வென்சர் இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள், காட்சிக்கு வாங்கி வைத்திருப்பார்கள். போன வருட மாணவர்கள் என்ன புராஜெக்ட் செய்தார்கள், எங்கே மேற்படிப்புக்குப் போனார்கள் என்று கேளுங்கள். முதுநிலைக்கு கேட் (GATE), பயோடெக்குக்கென்றே உள்ள காட்-பி (GAT-B) ஆகிய நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. காட்-பி வழியாகச் சேர்ந்தால் மாத உதவித்தொகையும் கிடைக்கலாம்.

கணக்கு, கம்ப்யூட்டர் என்றாலே ஓடுகிற பிள்ளையென்றால், குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும் மரபணு ஆலோசகர் படிப்பை விசாரியுங்கள். நிலத்தை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கும் யோசனை இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பணம் எம்.டெக்.குக்குத் தேவைப்படும்.