பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பிளாக் சப்பத் முதல் பர்செல் வரை, கேள்வி பதில்

ஹெவி மெட்டல் ஆல்பங்கள், 17, 18ஆம் நூற்றாண்டு (பரோக் காலம் என்பார்கள்) ஐரோப்பிய நாடக இசையின் ரெக்கார்டிங்குகள், இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். அப்படியும் நடுவே ஹெட்போன் கேள்வி வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து: அண்ணா, நீங்கள் சிபாரிசு செய்யும் ஆல்பங்களில் மெட்டல் குழு பிளாக் சப்பத்துக்குப் பக்கத்திலேயே 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் உட்கார்ந்திருக்கிறார். சும்மா வித்தியாசமாக இருக்கட்டும் என்றுதானே?

இல்லை தம்பி. பாட்டு, கிட்டார், வயலின் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, பேஸை, அதாவது அடியில் ஓடும் கீழ்ஸ்தாயி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

பிளாக் சப்பத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. மழை, இடி, தூரத்தில் ஒரு மணி. பிறகு மூன்றே ஸ்வரத்தில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வாசிக்கும் சின்ன வரி): ச, மேல் ச, அங்கிருந்து பிரதி மத்தியமம். அவ்வளவுதான். அது திரும்பத் திரும்ப வருகிறது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் அதன் மேல் பயந்துபோன ஒருவனாக நின்று பாடுகிறார். அவர் பயம் கூடுகிறது, ரிஃப் அசையவில்லை.

இப்போது பர்செல்லின் 'டைடோ அண்ட் ஈனியஸ்' கடைசிக் காட்சிக்கு வாருங்கள். 1689இல் லண்டனுக்குப் பக்கத்தில் செல்சியில், ஒரு பெண்கள் பள்ளியில் நடந்த ஓபரா (பாட்டு நாடகம்) அது. சாகப்போகும் ராணி டைடோ பாடுவதற்கு முன்னால் பேஸ் மட்டும் தனியாக வரும். ச-வில் தொடங்கி கீழ் ப வரை, நடுவில் ஓர் அரைக்கட்டைகூட விடாமல் இறங்கும். ஐந்து பார் (தாளச் சுற்று) நீளம். அதே வரி மொத்தம் 11 முறை வருகிறது. நுணுக்கம் எங்கே என்றால், பேஸ் ஒரு சுற்றை முடித்து மறுபடி மேலிருந்து தொடங்கும்போது டைடோ தன் வரியின் நடுவில் இருப்பாள். அவள் மூச்சு விடும் இடமும் பேஸ் முடியும் இடமும் பெரும்பாலும் சேர்வதே இல்லை. "என்னை நினைத்துக்கொள்" என்று கேட்கும் இடத்தில் குரல் ஒரே ஸ்வரத்தில் நின்றுவிடும். கீழே பேஸ் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

மாறாத பேஸ், அதன் மேல் தப்பிக்க முடியாத ஓர் ஆள். சப்பத்தும் இதைத்தான் செய்தார்கள். பர்செல்லைக் கேட்டுவிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நாடகத்துக்கு இது உதவும் என்று இரண்டு காலத்திலும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மந்திரக்காரிகள், நரகம், புயல் எல்லாம் ஓபராப் பக்கமும் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரன் மாரேயின் 'அல்சியோன்' 1706இல் பாரிஸில் மேடையேறியபோது அதில் வந்த புயல் காட்சி பெரிய பேச்சானது. டிரம்மும் கீழ்ப்பக்க பேஸ் வாத்தியங்களும் சேர்ந்து உறுமும். ஜோர்டி சாவாலின் ரெக்கார்டிங்கில் கேளுங்கள்.

சேலத்திலிருந்து: சப்பத்தின் கிட்டார்காரர் டோனி அயோமிக்கு விரல் நுனி இல்லை, அதனால்தான் மெட்டல் பிறந்தது என்கிறார்களே, நிஜமா சார்?

முதல் பாதி நிஜம். அவருக்கு 17 வயதில், பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில், அதுவும் வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் நடந்தது. வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குக் கவசமாகச் செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தந்தி கனமாக இருந்தால் வலிக்கும் என்று மெல்லிய தந்தி போட்டார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில பாட்டுகளுக்கு ட்யூனிங்கையே ஒன்றரைக் கட்டை இறக்கிவிட்டார்கள். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது.

ஆனால் விரல் மட்டும் காரணம் என்றால் சப்பத்தின் பேஸ்காரர் கீஸர் பட்லரை என்ன செய்வது? இங்கிலாந்து இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய 'பிளானட்ஸ்' தொகுப்பின் செவ்வாய்ப் பகுதியை அவர் பேஸில் வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்துதான் அந்த மூன்று ஸ்வர ரிஃப் வந்தது. அந்த முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்தார்கள். மழையும் மணியும் பிறகு ஒட்டியவை.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, டைடோவுக்கு எத்தனையோ ரெக்கோர்டிங் கிடக்குது. முதல் எதைக் கேட்கிறது நல்லம்?

ஜேனட் பேக்கர், 1961, ஆன்டனி லூயிஸ் நடத்தியது. வாத்தியங்கள் நவீனமானவை, இன்றைய ரசனைக்குத் தாளம் கொஞ்சம் மெதுவாகத் தோன்றும். இருக்கட்டும். கடைசிப் பாட்டில் அவர் அழுது காட்டுவதில்லை, குரலை உயர்த்தி மிரட்டுவதும் இல்லை. அடுத்ததாக 2008இல் வந்த தியோடோர் குரென்ட்ஸிஸின் பதிவு. பழைய வகை வாத்தியங்கள், மிக மெல்லிய இடங்கள், திடீர் வெட்டுகள். சிமோன் கெர்மெஸ் சில இடங்களில் கிசுகிசுக்கிறார். இது மிகை என்று திட்டுபவர்கள் உண்டு. மெட்டல் கேட்டு வளர்ந்த காதுக்கு இதுதான் சட்டென்று பிடிக்கும். ஓபரா முழுவதும் ஒரு மணி நேரம்தான். எனவே இரண்டையுமே கேட்டுவிடலாம்.

பெங்களூரிலிருந்து ஒரு கிட்டார்காரர்: பரோக் ஆல்பங்களோடு சேர்ந்து வாசித்தால் எல்லாமே அரைக்கட்டை குறைவாக இருக்கிறது. என் ட்யூனர் கெட்டுவிட்டதா?

ட்யூனர் நன்றாகத்தான் இருக்கிறது. இன்று பொதுவாக மேல் 'ஏ' ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைக்கிறோம். பழைய வாத்தியங்களோடு வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் 415இல் வைக்கிறார்கள். கணக்குப் போட்டால் சரியாக அரைக்கட்டை குறைவு. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி வேறாக இருந்தது. 415 என்பது இன்றைய குழுக்கள் வசதிக்காக ஒப்புக்கொண்ட நடு அளவு. பிரெஞ்சு ஓபராவென்றால் பலர் 392க்கு இறங்குவார்கள். அது ஒரு முழுக்கட்டை குறைவு.

உங்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. எல்லாத் தந்தியையும் அரைக்கட்டை இறக்கி ஈ ஃபிளாட்டில் வையுங்கள், பர்செல் ரெக்கார்டிங்கோடு பொருந்தும். மெட்டல் குழு ஸ்லேயரின் பாட்டு வாசிக்க ஏற்கெனவே அப்படித்தான் வைத்திருப்பீர்கள். பிரெஞ்சு ஓபரா எழுதிய ராமோவுக்கு இன்னும் அரைக்கட்டை இறக்கி டி-யில் வையுங்கள்.

சென்னையிலிருந்து: இரண்டு மணி நேர ஓபராவை ஆல்பமாகக் கேட்க முடியவில்லை. பாதி நேரம் பேசுகிற மாதிரியே பாடுகிறார்கள்.

அந்தப் பேச்சுப் பாட்டுக்கு ரெசிடேட்டிவ் என்று பெயர். தாளக்கட்டு இல்லாமல், வார்த்தையின் போக்கில் போகும் நம் விருத்தத்தைக் கேட்கிற காதோடு கேளுங்கள். அர்த்தம் தெரியாமல் விருத்தம் கேட்டாலும் அலுக்கத்தானே செய்யும்? அதனால் பாட்டு வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, நடுவிலிருந்து தொடங்குவது. மான்டெவெர்டியின் 'ஓர்ஃபியோ', இத்தாலியின் மான்டுவா அரண்மனையில் 1607இல் நடந்தது. நேரே மூன்றாவது அங்கத்துக்குப் போங்கள். செத்துப்போன மனைவியைத் தேடிப் பாதாளத்துக்கு வந்த ஓர்ஃபியோவை ஓடக்காரன் கரோன் மறிக்கிறான். கரோனின் தடித்த குரலுக்குத் துணையாக மான்டெவெர்டி ரீகல் என்ற சின்ன ஆர்கனைக் கேட்டிருக்கிறார். உள்ளே நாக்குத் தகடுகள் அதிர்ந்து கரகரவென்று ஒலிக்கும். ஆம்பிளிஃபையர் இல்லாத காலத்து டிஸ்டார்ஷன் (மெட்டல் கிட்டாரின் கரகர ஒலி) என்றே எனக்குப் படும். பதிலுக்கு ஓர்ஃபியோ பாடும் பாட்டு அச்சுப் பிரதியில் இரண்டு வரியாக இருக்கிறது: ஒன்று வெறும் மெட்டு, இன்னொன்று அதே மெட்டு முழுக்கச் சங்கதிகளோடு. பாடுகிறவர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நல்ல பாடகர்கள் சங்கதியைத் தேர்கிறார்கள். ஆனால் அவ்வளவு பாடியும் கரோன் மனம் இளகவில்லை, தூங்கிப்போகிறான். ஓர்ஃபியோ ஓடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்!

நிக்கோலாஸ் ஹார்னோன்கோர்ட் 1960களின் கடைசியில் பதிந்தது இன்னும் முரட்டு அழகோடு இருக்கிறது. பழைய வாத்தியங்களைத் தூசு தட்டி எடுத்த தலைமுறை அது. வழவழப்பு வேண்டுமென்றால் கார்டினரின் பதிவு.

ஓபராவே வேண்டாம், வாத்தியம் மட்டும் போதும் என்றால் மார்க் மின்கோவ்ஸ்கியின் ராமோ ஆல்பம் இருக்கிறது. ராமோ சிம்பொனி எதுவும் எழுதவில்லை. அவருடைய மேடை இசையிலிருந்து துண்டுகளை எடுத்துக் கோத்து, இல்லாத ஒரு சிம்பொனியை இவர் உண்டாக்கிவிட்டார், 2005இல் வந்தது. ராமோவுக்கு முதல் ஓபரா மேடையேறும்போது வயது 50. இந்த ஆல்பத்தைக் கேட்டால் அவ்வளவு நாள் எப்படிப் பொறுத்திருந்தார் மனிதர் என்றுதான் தோன்றும்.

மதுரையிலிருந்து: எந்த ஹெட்போன் வாங்க?

பேஸைச் செயற்கையாகத் தூக்கிக் காட்டாத ஏதாவது ஒன்று. உங்கள் பட்ஜெட்டுக்கு மேல் போகாதீர்கள். மிச்சக் காசில் ஆல்பம் வாங்குங்கள்.

டொராண்டோவிலிருந்து: பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்து, ரீமாஸ்டர் என்று போட்டு விற்கிறார்கள். பழைய சி.டி.யை விட்டு இதற்கு மாறலாமா?

ஒலி கூடுதலாகக் கேட்டாலே தரம் என்று நினைக்க வேண்டாம். மெல்லிய இடங்களைத் தூக்கி, உச்சங்களை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் முதல் நிமிடம் பிரமாதமாக இருக்கும். நாலாவது பாட்டில் தலை வலிக்கும். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னடிக்' 2008இல் வந்தபோது இப்படி ஒலியை நெரித்ததை எதிர்த்து ரசிகர்களே மனு போட்டுக் கையெழுத்துத் திரட்டினார்கள். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமுக்குள் நெரிக்கப்படாமல் இருந்ததுதான் வேடிக்கை. டிரம் அடி அங்கே அடியாகவே விழுந்தது.

சோதிக்கச் சுலபமான வழி: இரண்டு பதிப்பையும் ஆடாசிட்டியில் (ஒலியை அலைவடிவமாகக் காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு தடித்த பட்டை தெரிந்தால் பழையதை விற்காதீர்கள். பரோக் ஆல்பங்களில் இந்தத் தொல்லை குறைவு. பதிலுக்கு, ஒற்றை லூட் (கிட்டார் மாதிரி மெல்லிய தந்தி வாத்தியம்) வாசிக்கும் இடத்தில் வால்யூமைக் கூட்டிவிட்டு, அடுத்து டிரம்பெட் வரும்போது பதறி எழுவீர்கள்.

திருச்சியிலிருந்து: ஆண் சோப்ரானோக்கள் (பெண்களின் உச்சக் குரலில் பாடும் ஆண்கள்) பாடியது நிஜமாகவே பதிவில் இருக்கிறதா அண்ணா?

இருக்கிறது. சிறுவயதிலேயே காயடிக்கப்பட்டு, உடையாத குரலோடு வளர்ந்த பாடகர்கள் அவர்கள். 18ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹாண்டலின் ஓபராக்களின் நாயகர்களில் பலர் இவர்கள்தான். அந்த வகையில் தனிப்பாடகராக ஒலிப்பதிவில் எஞ்சியிருப்பவர் அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கி ஒருவரே. 1902, 1904 இரண்டு தடவை ரோமில் பதிந்தார்கள். அவர் தேவாலயப் பாடகர், ஓபராக்காரர் அல்ல. மெழுகில் பதிந்த ஒலி வேறு. கேட்டுவிட்டு, ஹாண்டல் காலத்தில் இப்படித்தான் பாடினார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு முறை கேட்கலாம், எனக்கு அது சங்கடமாகவே இருக்கும்.

ஈரோட்டிலிருந்து: பாடகர் கிளாஸ் நோமி பாடும் 'கோல்டு சாங்' (குளிர்ப் பாட்டு) எந்த ஆல்பம்? அது அவர் சொந்தப் பாட்டா?

1981இல் வந்த அவருடைய முதல் ஆல்பம். பாட்டு பர்செல்லுடையது. 1691இல் டிரைடன் எழுதிய 'கிங் ஆர்தர்' நாடகத்தில், பனிக்குள் உறைந்து கிடக்கும் ஓர் ஆவியை மன்மதன் எழுப்புகிறான். அது நடுங்கிக்கொண்டே, என்னை மறுபடி உறைந்து சாக விடு என்று கெஞ்சுகிறது. ஸ்வரங்களுக்கு மேலே பர்செல் நெளிகோடு போட்டு வைத்திருக்கிறார், குரலும் வில்லும் நடுங்க வேண்டும் என்பதற்காக. எழுதியது பேஸ் என்கிற தடித்த ஆண் குரலுக்கு. நோமி உச்சக் குரலில் பாடினார். மூலத்துக்கு வில்லியம் கிறிஸ்டியின் 1995 பதிவு.

வேலூரிலிருந்து: மெட்டல் குழு ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பத்தில் வரும் கண்ணாடி உடையும் சத்தம் சாம்பிளரா (பதிந்த சத்தத்தை வேண்டிய இடத்தில் ஒலிக்கவிடும் கருவி)?

1980இல் அவர்களிடம் சாம்பிளர் ஏது? அப்போது பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாருக்குச் சொந்தமாக இருந்த டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் மாளிகையில் பதிந்தார்கள். கண்ணாடிக்கு, வாசலுக்கு வந்த பால் பாட்டில்களைப் போட்டு உடைத்தார்கள். 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இரும்பு ராட்சதர்கள் நடக்கும் சத்தத்துக்கு, சமையலறையிலிருந்து கரண்டி, முள்கரண்டித் தட்டை எடுத்துவந்து குலுக்கினார்கள். மேடைக்குப் பின்னால் தகரத்தை ஆட்டி இடி வரவழைத்த நாடகக்காரர்களின் அதே வேலை.

கோவைக்காரரே மறுபடியும்: அப்படியானால் மெட்டலும் கிளாசிக்கலும் கலந்த ஆல்பங்கள்தான் உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ?

அதுதான் இல்லை. கிட்டார்காரர் இங்க்வே மால்ம்ஸ்டீனின் 'ரைசிங் ஃபோர்ஸ்' (1984) விரல் வேகத்துக்குக் கேட்க வேண்டிய ஆல்பம். ஆனால் பெரும்பாலும் வயலின்காரர்களின் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, நாடகத்தை விட்டுவிட்டார். அதில் வரும் 'இக்காரஸ்' பாட்டு, பரோக் இசையமைப்பாளர் அல்பினோனியின் அடாஜியோ (மெதுவான இசைத்துண்டு) என்று உலகம் சொல்லும் மெட்டில் தொடங்குகிறது. அந்த அடாஜியோவை 1958இல் வெளியிட்டவர் ரெமோ ஜியாசோட்டோ என்ற இத்தாலிய ஆய்வாளர். எழுதியவரும் அவர்தான் என்பது இன்றைய பொதுவான முடிவு.

கலப்பே வேண்டுமென்றால் நம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) இருக்கிறது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம் செய்த ஆல்பம். அங்கே பேஸ் சும்மா தாங்கி நிற்காது, வயலினோடு வாதம் பண்ணும்.

திருநெல்வேலியிலிருந்து: கடைசியாக ஒன்று. பரோக்கில் நிஜமாகவே 'ஹெவி'யாக, காது கிழிகிற மாதிரி ஏதாவது உண்டா?

ழான்-ஃபெரி ரெபெல் எழுதிய 'லெ எலெமான்' நடன இசை, 1737-38. உலகம் உருவாகுமுன் இருந்த குழப்பத்தைக் காட்ட, முதல் நொடியிலேயே ஒரு ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களையும் ஒன்றாக முழங்க விட்டார். அதற்கு முன்னால் அறிமுகமோ ஆரம்பமோ கிடையாது. பிறகு நிலம், நீர், காற்று, நெருப்பு ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். நிலம் எது என்கிறீர்கள்? பேஸ்தான். ரைன்ஹார்ட் கோபெல் நடத்திய பதிவைத் தேடுங்கள். ப்ளே அழுத்துவதற்கு முன்பே வால்யூமைக் குறைத்து வையுங்கள், வீட்டில் யாராவது தூங்கினால் ஹெட்போன்.