தெற்கு லுவாங்குவா: முதலில் மாதத்தைச் சொல்லுங்கள்

ஜாம்பியாவின் கிழக்கே, லுவாங்குவா ஆற்றை ஒட்டி 9,050 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது தெற்கு லுவாங்குவா தேசியப் பூங்கா. தலைநகர் லுசாக்காவில் வேலை பார்த்த ஏழு வருடத்தில் ஆறு முறை அங்கே போய் வந்தேன். நான் விலங்கியல் படித்தவனல்ல, கணக்கு எழுதுகிறவன். ஆனால் இந்தப் பயணத்தைத் தப்பாகத் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பது பட்டுத் தெரிந்துகொண்டது. கேளுங்கள்.

ஊர்சுற்றி: அண்ணா, டிசம்பர் கடைசியில் பத்து நாள் லீவு கிடைக்கிறது. அப்போது போகலாமா?

போகலாம், ஆனால் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். அங்கே நவம்பரில் மழை பிடித்தால் ஏப்ரல் வரை விடாது. லுவாங்குவா அணை கட்டப்படாத ஆறு. கரை புரண்டு ஓடும், பழைய வளைவுகளை வெட்டிவிட்டுப் புது வழி தேடும். பூங்காவுக்குள் பாதி மண் கரிசல். நனைந்தால் ஜீப் சக்கரம் வழுக்குவதோடு நிற்காது, உள்ளே இறங்கிவிடும். உள்காட்டுக் கேம்ப்புகள் பலவற்றைக் கழியும் புல்லும் வைத்துத்தான் கட்டுகிறார்கள். மழைக்கு முன் பிரித்துவிட்டு, அடுத்த வருடம் புதிதாகக் கட்டுவார்கள்.

என் முதல் பயணம் ஒரு பிப்ரவரியில். விலை பாதி என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனேன். ஆளுயரப் புல்லுக்கு நடுவே மூன்று நாள் சுற்றினோம், அதில் ஒரு நாள் முழுக்க ஜீப்பைத் தள்ளினோம். சிங்கம் உறுமியது கேட்டது, பார்க்கவில்லை. ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. நான்தான் மாதத்தைப் பற்றிக் கேட்காமல் விலையைக் கேட்டேன்.

பறவை ஆர்வலர் என்றால் கதையே வேறு. டிசம்பரில் வலசைப் பறவைகள் வந்திருக்கும், இம்பாலா மான்கள் குட்டி போட்டிருக்கும், எங்கும் பச்சை. பூங்காவின் முக்கிய நுழைவான ம்ஃபுவே வாயிலுக்குப் பக்கத்தில் மழைக்காலத்திலும் திறந்திருக்கும் லாட்ஜ்கள் உண்டு. அங்கே தங்கிக்கொள்ளுங்கள்.

காமிரா பைத்தியம்: அப்படியென்றால் எந்த மாதம்தான் நல்ல மாதம்?

ஜூனிலிருந்து அக்டோபர் வரை. ஜூன், ஜூலையில் காலையில் நன்றாகக் குளிரும். திறந்த ஜீப்பில் காற்று முகத்தில் அறையும்போது ஸ்வெட்டர் போதாது, கம்பளியும் வேண்டும். வாரங்கள் போகப் போகக் காட்டுக்குள் இருக்கும் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றும், விலங்குகள் ஆற்றோரத்துக்கு வந்து சேரும். அக்டோபரில் ஆறு சுருங்கி, மிச்சமிருக்கும் மடுக்களில் நீர்யானைகள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நாற்றமும் சண்டையும் சொல்லி மாளாது. வெயில் 40 டிகிரியைத் தொடும்.

படம் எடுக்க வேண்டும் என்றால் நான் செப்டம்பர் நடுவைத்தான் சொல்வேன். செம்மண் கரைகளில் பொந்து குடைந்து, ரத்தச் சிவப்புப் பஞ்சுருட்டான்கள் கூட்டம் கூட்டமாகக் கூடு வைத்திருக்கும். ஆற்றுமட்டத்திலிருந்து பார்த்தால் கரையே சிறகடிப்பது போலிருக்கும்.

மாரா போய் வந்தவள்: கென்யாவில் மசாய் மாரா பார்த்தாயிற்று. அதில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது சார்?

முதலில் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி கிடையாது. லட்சக்கணக்கில் வலசை போகும் விலங்குக் கூட்டம் கிடையாது. சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா, கிடையாது. (சிறுத்தை வேறு, சிவிங்கிப்புலி வேறு. பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.) காண்டாமிருகமும் இல்லை. ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இருந்தது. வேட்டைக் கும்பல்கள் துடைத்தெடுத்து, 1998இல் ஜாம்பியாவிலேயே கறுப்புக் காண்டாமிருகம் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2003இல் வடக்கு லுவாங்குவாவில் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள், தெற்கில் அல்ல.

இருப்பது மோப்பனி மரக்காடு, கருங்காலித் தோப்புகள், ஆறு கைவிட்டுப் போன வளைவுகளில் தேங்கிய ஏரிகள். வேறெங்கும் இயற்கையாக இல்லாத தோர்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கி இங்கே நடமாடுகிறது. அப்புறம் சிறுத்தை. கிகேலியா என்று ஒரு மரம், நீளச் சுரைக்காய் போலக் காய் தொங்கும். அதன் கருஞ்சிவப்புப் பூக்கள் உதிர்ந்தால் தின்ன மான்கள் வரும், மான்களுக்காகச் சிறுத்தை மேலே கிளையில் காத்திருக்கும். செப்டம்பரில் கைடு ஒவ்வொரு கிகேலியாவையும் அண்ணாந்து பார்த்தபடிதான் வண்டி ஓட்டுவார்.

இரவு உலாவும் உண்டு. பல நாடுகளின் தேசியப் பூங்காக்களில் இருட்டினால் வெளியே போ என்பார்கள். இங்கே பெரிய விளக்கை வைத்துக்கொண்டு எட்டு மணி வரை சுற்றலாம். புனுகுப்பூனை, கழுதைப்புலி, வேட்டைக்குக் கிளம்பிய சிறுத்தை எல்லாம் அந்த நேரத்தில்தான்.

பயந்தாங்கொள்ளி: நடந்து போகும் சஃபாரி என்கிறார்களே, நிஜமாகவே சிங்கம் இருக்கும் காட்டுக்குள் நடக்க விடுவார்களா?

விடுவார்கள். அந்த வழக்கம் வேர்விட்ட இடமே இதுதான். வனவிலங்குத் துறையில் இருந்த நார்மன் கார் என்ற ஆங்கிலேயர், 1950இல் இங்கே கூண்டா மக்களின் தலைவர் ன்செஃபுவோடு பேசி ஒரு கேம்ப் போட்டார். காட்டைப் பார்க்க வருகிறவர்களின் பணம் அந்த மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் காலத்துக்கு அது புதிது.

முன்னால் துப்பாக்கியோடு பூங்காவின் ஸ்கவுட், அடுத்து கைடு, பின்னால் நீங்கள், எல்லோரும் ஒற்றை வரிசையில். பேச்சு கிடையாது. வெள்ளை, சிவப்பு உடை கூடாது. எது நடந்தாலும் ஓடக் கூடாது, இதை மட்டும் மூன்று முறை சொல்வார்கள். பிள்ளைகள் என்றால் பல கேம்ப்புகளில் 12 வயது ஆகியிருக்க வேண்டும். ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் இது சரியாக நடக்கும்.

சிங்கத்தைத் துரத்திப் போவார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். என் முதல் நடையில் முக்கால் மணி நேரம் சாணத்தைப் பற்றியே பேசினோம்! கழுதைப்புலியின் சாணம் காய்ந்தால் சுண்ணாம்பு போல வெளுக்கும், அத்தனை எலும்பு தின்கிறது. புழுதியில் பாதத் தடம் கிடந்தால் நகக்குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் கைடு. இருந்தால் கழுதைப்புலி, இல்லையென்றால் சிங்கமோ சிறுத்தையோ. நடுவில் ஒரு புளியமரத்தடியில் தேநீருக்கு நின்றோம். யாரும் நட்ட மரமில்லை. புளியின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான், அங்கே அது காட்டு மரம். கீழே கிடந்த பழத்தை உடைத்து வாயில் போட்டதும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

பயம் வேண்டியது சிங்கத்துக்கு அல்ல. தனியாகத் திரியும் கிழட்டு எருமைக்கும், தண்ணீருக்கும் உங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நீர்யானைக்கும்தான். இருட்டிய பிறகு நீர்யானை புல் மேயக் கரையேறி, கேம்ப்புக்குள்ளேயே வரும். அதனால் ராத்திரி கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்குக்கூடக் காவலாளி துணையில்லாமல் போகாதீர்கள்.

சிக்கனம்: பட்ஜெட் கம்மி. சொந்தமாகக் கூடாரம் போடலாமா?

தாராளமாக. பூங்காவுக்குள்ளே இருக்கும் கேம்ப்புகள் ஒரு இரவுக்கு ஒருவருக்குப் பல நூறு டாலர் கேட்கும், சாப்பாடும் உலாவும் அதில் அடக்கம். ஆனால் பூங்காவுக்குள் போகும் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ம்ஃபுவேயைச் சுற்றி ஆற்றங்கரையிலேயே கூடாரம் போட இடம் தருகிறார்கள். அங்கே தங்கிக்கொண்டு, வேண்டிய உலாவை மட்டும் தனித்தனியாக வாங்கலாம். பூங்கா நுழைவுக் கட்டணம் நாள் கணக்கு, அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

லுசாக்காவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சாலையில் சிப்பாட்டா வழியாக ஏறக்குறைய 700 கிலோமீட்டர், முழு நாள் போய்விடும். சிப்பாட்டா வரை பஸ் உண்டு. இருட்டிய பிறகு அந்தச் சாலையில் ஓட்டாதீர்கள். விளக்கில்லாத லாரியும் ஆடும் குறுக்கே வரும்.

கூடாரத்திலோ காரிலோ பழம் வைக்கவே கூடாது, முக்கியமாக ஆரஞ்சு. யானைக்கு அந்த வாசனை எப்படியோ எட்டிவிடும். எங்களுக்கு அடுத்த இடத்தில் தங்கியிருந்தவர்கள் மறந்துபோய் டிக்கியில் ஒரு பை வைத்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் கதவு தனியாகக் கிடந்தது.

சைவப் பட்சிணி: சாப்பாட்டுக்கு என்ன வழி?

முன்கூட்டிச் சொன்னால் கேம்ப்பில் சைவம் செய்து தருவார்கள். வெளியே என்றால் ன்ஷீமா, அதாவது மக்காச்சோள மாவில் கிண்டிய வெள்ளைக் களி. நம் களிக்குப் பழகின வாய்க்குச் சிரமமே இருக்காது. தொட்டுக்கொள்ள அவரை, பூசணிக் கீரை, நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்த கீரை. கபெந்தா என்றால் உஷாராகுங்கள், நெத்திலி மாதிரி பொடிக் கருவாடு. சாப்பிட்டு எழும்போது 'ஜிகோமோ' என்று ஒரு நன்றி சொல்லுங்கள், முகம் மலரும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: தடுப்பூசி, மருந்து?

மலேரியா உள்ள இடம், அதனால் தடுப்பு மாத்திரை கட்டாயம். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை, அதிலும் பிள்ளைகளுக்கு, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் விஷயம் உங்கள் விமானத்தைப் பொறுத்தது. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய் வருவதானால் ஊசி போட்டு, அதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைக் கையில் வைத்திருங்கள். அட்டை இல்லாமல் நோய்ப் பகுதியிலிருந்து வருகிறவர்களை இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

கடித்து ரத்தம் உறிஞ்சும் செட்ஸி ஈக்கு மருந்து தடவிப் பயனில்லை, உடை நிறம்தான் காப்பு. கறுப்பும் கருநீலமும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். அதைப் பிடிக்கப் பொறி வைப்பதே அந்த நிறத் துணியில்தான். ஆகவே ஜீன்ஸை வீட்டில் விட்டுவிடுங்கள்.

ஊர்சுற்றி: மறுபடி நான்தான். விக்டோரியா அருவியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விலங்குக்கு நல்ல அக்டோபரில், ஜாம்பியா பக்கம் அருவி பெரும்பாலும் வெறும் பாறையாக நிற்கும். அருவி பொங்கும் ஏப்ரலில் லுவாங்குவாவில் புல் தலைக்கு மேலே. இரண்டும் வேண்டும் என்றால் ஜூன் கடைசி, ஜூலை. இரண்டிலும் கொஞ்சம் குறையும், ஆனால் எதுவும் வெறுமையாகப் போகாது. லுவாங்குவாவில் நான்கு இரவாவது ஒரே இடத்தில் இருங்கள்.

காமிரா பைத்தியம்: கடைசியாக ஒன்று. லென்ஸ் எவ்வளவு பெரியது கொண்டுவரலாம்?

400 மில்லிமீட்டர் போதும், ஜீப் பக்கத்திலேயே போகும். சிறு விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கறார், சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், துணிப்பை கொண்டுவாருங்கள். அதைவிட, பைனாகுலர் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நானும் மனைவியும் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு போனோம். காட்டுநாய்க் கூட்டம் சாலையைக் கடந்த இருபது விநாடியும் அது அவள் கையில்தான் இருந்தது.