ஆலயத்துக்கு என்ன உடுத்துவது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். வம்புக்கென்றே கேட்டவர்களையும் விட்டுவிடவில்லை.

ஜீன்ஸ், டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போவது தவறா, ஐயா?

தவறில்லை தம்பி. ஞாயிறு ஆராதனைக்கு இன்ன உடைதான் என்று புதிய ஏற்பாட்டில் ஒரு வசனம்கூடக் கிடையாது. ஆதி விசுவாசிகள் வீடுகளில் கூடினார்கள். அவர்களில் அடிமைகளும் கூலிக்காரர்களும் இருந்தார்கள்; மாற்றிக்கொள்ள இன்னொரு அங்கி இருந்தாலே பெரிது. ஆனால் டி-ஷர்ட்டின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். பின்வரிசையில் உட்காருகிறவர் பிரசங்கம் முடியும்வரை அதைத்தான் வாசிப்பார்.

கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார் என்று 1 சாமுவேல் 16:7 சொல்கிறதே. அப்புறம் உடையைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

அந்த வசனம் யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். தாவீதின் மூத்த அண்ணன் எலியாபின் முகத்தையும் உயரத்தையும் பார்த்து, ராஜா இவன்தான் என்று சாமுவேல் முடிவுகட்டியபோது அவரைத் தடுத்த வார்த்தை அது. அடுத்தவரைத் தோற்றம் பார்த்து எடைபோடாதே என்பதற்குத்தான் அது உதவும். நான் எப்படி வேண்டுமானாலும் போவேன் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. சீனாய் மலையடியில் ஜனங்கள் வஸ்திரங்களைத் தோய்த்துக்கொண்டு ஆயத்தமாக வேண்டும் என்று சொன்னவரும் அதே கர்த்தர்தான் (யாத்திராகமம் 19:10). அங்கேயும் புதுத்துணி வாங்கச் சொல்லவில்லை, துவைக்கத்தான் சொன்னார்.

நகை போடுவது பாவம் என்று எங்கள் சபையில் கழற்றச் சொல்கிறார்கள். 1 தீமோத்தேயு 2:9 அப்படித்தான் சொல்கிறதா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும் சகோதரி. மயிரைப் பின்னுதல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் என்று நான்கையும் பவுல் ஒரே மூச்சில் அடுக்குகிறார். வெறும் சடைப்பின்னல் இந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். அந்தக் காலத்து ரோமப் பணக்காரப் பெண்கள் முடியை அடுக்கடுக்காகச் சுருட்டி, பின்னி, நடுவில் பொன்னையும் முத்தையும் செருகிக்கொள்வார்கள். அதைச் செய்துவிடத் தனியாக அடிமைப் பெண்கள் இருந்தார்கள்.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த ரோம எழுத்தாளர் பிளினி ஒரு காட்சியை எழுதிவைத்திருக்கிறார். கலிகுலா பேரரசனின் மனைவியாயிருந்த லோலியா பவுலினா ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு வருகிறாள். பெரிய வைபவம்கூட இல்லை, சாதாரண விருந்துதான். தலை, கூந்தல், காது, கழுத்து, விரல் எங்கும் மரகதமும் முத்தும். மொத்த மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ் (அன்றைய ரோம நாணயம்). யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்குக் கணக்குப் பத்திரமும் தயாராக இருந்ததாம்! அப்போது ஒரு ரோமச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். அவள் உடம்பில் மின்னியது 44,000 சிப்பாய்களின் ஒரு வருட ஊதியம்.

அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்களும் அந்த மோஸ்தரைப் பின்பற்றத்தான் பார்த்தார்கள். அந்த மனப்பான்மை சபைக்குள் வந்து, தரித்திரர் பக்கத்தில் உட்காருவதைத்தான் பவுல் தடுக்கிறார் என்பது என் வாசிப்பு. அவருடைய பட்டியல் நற்கிரியைகளில் போய் முடிகிறது. 18-ஆம் நூற்றாண்டில் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் இதே கருத்தைப் பிடித்துத்தான் பிரசங்கித்தார்: உன் உடைக்குச் செலவு கூடக்கூட, பசித்தவனுக்கும் வஸ்திரமில்லாதவனுக்கும் கொடுக்க உன்னிடம் குறையும் என்றார். ஆகவே காதில் கிடக்கும் சின்னக் கம்மலுக்காக ஒரு பெண்ணை வாசலில் நிறுத்துகிறவர், அவள் கம்மலைவிடப் பல மடங்கு விலையுள்ள தன் கைக்கடிகாரத்தையும் அந்த வசனத்தோடு வைத்துப் பார்க்கட்டும்.

அதற்காக நீங்கள் சபையில் சண்டை போட வேண்டாம். கழற்றுவதும் கழற்றாததும் இரட்சிப்பைத் தொடாத காரியம்.

பெண்கள் பேண்ட் போடலாமா? உபாகமம் 22:5 தடுக்கிறதே?

ஆணும் பெண்ணும் நீண்ட அங்கி உடுத்திய காலத்துச் சட்டம் அது. எதிர்பாலாக வேஷம் போடுவதைத்தான் அது தடுக்கிறது. பெண்களுக்கென்றே தைத்த பேண்ட் அதில் அடங்காது. அதே அதிகாரம் 11-ஆம் வசனம் ஆட்டுமயிரும் சணலும் கலந்த துணி கூடாது என்கிறது. 12-ஆம் வசனம் மேல்சட்டையின் நான்கு ஓரங்களிலும் தொங்கல் வைக்கச் சொல்கிறது. 5-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறவர் மற்ற இரண்டையும் ஏன் விட்டார் என்று சொல்லட்டும்.

முக்காடு கட்டாயமா?

சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஆலயத்தில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த விதி இல்லை. பல ஆர்த்தடாக்ஸ் சபைகளிலும் பிரதரன் சபைகளிலும் வழக்கம் தொடர்கிறது. போடுகிற சபைக்குப் போனால் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு வருத்தம்: முக்காட்டைப் பற்றிச் சொல்லும் 1 கொரிந்தியர் 11-இன் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறோம். இரண்டாம் பாதியில் பணக்காரர் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர் பசியோடு நின்றதைப் பவுல் கடிந்துகொள்கிறார். அதைப் பற்றி யாரும் எனக்குக் கேள்வி அனுப்பவில்லை.

போதகர் அங்கி அணிய வேண்டுமா?

அணியலாம், அணியாமலும் இருக்கலாம். குருமாரின் வெள்ளை அங்கி ரோமர்கள் தினமும் உடுத்திய உடையிலிருந்து வந்ததுதான். வெளியே மோஸ்தர் மாறியது, ஆலயத்துக்குள் மாறவில்லை. 428-இல் போப் முதலாம் செலஸ்டின், தனி உடுப்பு உடுத்தத் தொடங்கிய கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) தேசத்து ஆயர்களைக் கண்டித்துக் கடிதமே எழுதினார். உடையால் அல்ல, போதனையால் நாம் வேறுபட்டிருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

மத்தேயு 22-இல் கலியாண வஸ்திரம் இல்லாதவனை வெளியே தள்ளினார்களே?

அது பரலோக ராஜ்யத்தைப் பற்றிய உவமை. உங்கள் பீரோவைப் பற்றியது அல்ல.

நான் வாசலில் வரவேற்கும் ஊழியத்தில் இருக்கிறேன். மிகக் குட்டையான உடையில் ஒரு பெண் வந்தார். சிலர் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். என்ன செய்திருக்க வேண்டும்?

உட்கார இடம் காட்டியிருக்க வேண்டும். யாக்கோபு 2-ஐத் திறந்து பாருங்கள். பொன்மோதிரக்காரர் ஒருவர், கந்தை கட்டிய தரித்திரர் ஒருவர், இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள். இரண்டு பேரின் உடையைப் பற்றியும் யாக்கோபு ஒரு குறையும் சொல்லவில்லை. "நீ அங்கே நில்லு" என்று இடம் பிரித்துக் கொடுத்தவர்கள்தான் அவரிடம் வாங்கிக்கட்டிக்கொள்கிறார்கள். அதாவது உங்கள் இடத்தில் நின்றவர்கள்.

ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குப் போகிறவர்கள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். உங்கள் சபைக்கும் விதி வேண்டுமென்றால் அப்படி எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். முதல்முறை வந்தவரிடம் அதைப் பேச வேண்டாம். பல மாதம் வந்து பழகிய பிறகு தேவைப்பட்டால் மூத்த சகோதரி ஒருவர் தனியாகச் சொல்லலாம். "ஆண்களுக்கு இடறல்" என்று புகார் சொன்ன சகோதரர்களிடம் மத்தேயு 5:29-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே பிடுங்கிப்போடச் சொல்வது பார்க்கிறவனுடைய கண்ணை.

சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து நேராக யூனிஃபார்மில் வருகிறேன். வீட்டுக்குப் போய் மாற்றினால் ஆராதனை பாதி முடிந்துவிடும். கிரீஸ் கறை வேறு. பின்னால் நின்றுகொண்டால் பரவாயில்லையா?

ஏன் நிற்க வேண்டும்? முகம் கழுவிவிட்டு, காலியான இடத்தில் உட்காருங்கள். தூக்கம் வந்தால் மட்டும் ஓர வரிசை நல்லது.