வெல் டன் ஸ்டேக் செருப்புத்தோல் மாதிரி வந்துச்சுன்னு கேட்டவருக்கு

ப்ரோ, டல்லாஸ்ல டீம் டின்னருக்குப் போய் சர்லாய்ன்ங்கிற மாட்டுக்கறித் துண்ட வெல் டன்னா (முழுசா வேக வச்சு) சொன்னீங்க, மெல்லவே முடியல, திருப்பி அனுப்பலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா அனுப்பலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க, ஆனா சர்லாய்ன்ல கொழுப்பு கம்மி, கறியோட உள்சூடு 160 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுனா சாறெல்லாம் வத்திப்போய் அப்படித்தான் ஆகும். நல்லா வெந்தே ஆகணும்னா ரிப்ஐன்னு விலாப் பக்கத் துண்டு இருக்கு, அத எடுங்க, கறிக்குள்ள கொழுப்பு வரி வரியா ஓடும், ஓரளவு தாங்கும்.

தட்டுல நிக்கிற செவப்புத் தண்ணி ரத்தம் இல்லீங்க, மயோகுளோபின்னு ஒரு புரோட்டீன் கலந்த சாறு. நானே மொத தடவை அதப் பாத்து பாதித் தட்ட அப்படியே வச்சுட்டு வந்தவன்தான்.

அடுத்த தடவை மீடியம் வெல் (வெல் டன்னுக்கு ஒரு படி கம்மி) சொல்லிட்டு, சர்வர் நிக்கும்போதே நடுவுல வெட்டிப் பாருங்க. வேகலன்னா திரும்ப கிரில்ல போட்டுக்கலாம், ஓவரா வெந்தத ஒண்ணும் பண்ண முடியாது.

டெக்சாஸ் ரோட்ஹவுஸ்ங்கிற ஸ்டேக் ஹோட்டலுக்குப் போனா (பேருதான் டெக்சாஸ், 1993ல ஆரம்பிச்சது இண்டியானால) அந்த சூடான பன்னு, பட்டை போட்ட வெண்ணெய் ரெண்டும் ஃப்ரீன்னு நாலஞ்ச உள்ள தள்ளிடாதீங்க, ஸ்டேக் வர்றப்போ வயித்துல இடம் இருக்காது.