பிரேக் இன்ஸ்பெக்டர் பதில்கள்

(ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்)

கேள்வி: புது ஸ்கூட்டருக்கு ஷோரூமில் மாட்டிக் கொடுத்த நம்பர் பிளேட் பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்டிக்கர் கடையில் அழகாக ஒன்று செய்துகொள்ளலாமா? – கல்லூரி மாணவர், தேனி

பதில்: கூடாது தம்பி. இடித்துவிட்டு நிற்காமல் பறக்கிற வண்டியின் எண்ணை, கீழே விழுந்து கிடப்பவர் ஒரே பார்வையில் படித்தாக வேண்டும். அதற்குத்தான் அந்தத் தகடு. பணியில் இருந்தபோது ஒருவரை நிறுத்தினேன். 8055 என்ற எண்ணை ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று தெரியும்படி வளைத்து எழுதியிருந்தார். "வண்டி நம்பர் என்ன, பாஸ்?" என்று கேட்டேன். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்!

2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமாகியிருக்கும் தகட்டில் இந்த வித்தையெல்லாம் நடக்காது. அலுமினியத்தில் அழுத்திய எழுத்துகள் புடைத்து நிற்கும். இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹோலோகிராம். அதே பக்கம் கீழே, லேசரில் பொறித்த தனி எண். குனிந்து பார்த்தால், எழுத்துகளின் கறுப்புப் படலத்தின் மேல் 'இந்தியா' என்று பொடி எழுத்துகள் சாய்வாக ஓடுவது தெரியும். பின்தகட்டைப் பிடித்திருக்கும் பூட்டுகள் ஒருமுறைதான் பூட்டும். கழற்றினால் உடையும், பிறகு அலைச்சல் உங்களுக்குத்தான்.

கேள்வி: 'தநா' என்று தமிழில் எழுதினால் என்ன குற்றம்? – வாசகி, விருதுநகர்

பதில்: தமிழ்ப் பற்றில் நான் யாருக்கும் இளைத்தவன் அல்லன். ஆனால், மத்திய மோட்டார் வாகன விதி 50 ஆங்கில எழுத்தைத்தான் கேட்கிறது. சிவகாசிச் சரக்கோடு போகிற லாரியை நாக்பூர் போலீஸ்காரரும் படிக்க வேண்டுமே! கன்னட இலக்கங்களில் எழுதிய காரை ஓசூரில் நிறுத்திவிட்டு நானே திருதிருவென்று விழித்திருக்கிறேன்.

கேள்வி: 'டி.என். 58'க்கு முன்னால் என்ன இருந்தது? – வாசகர், மேலூர்

பதில்: 'டி.எம்.எக்ஸ்.' போல மூன்று எழுத்து, பிறகு நான்கு இலக்கம் வரை எண். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பிறகு மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு இலக்கம் என்றாயிற்று. 58 என்றால் மதுரை தெற்கு. அடுத்து வரும் எழுத்தில் ஆங்கில 'ஐ', 'ஓ' இரண்டும் வராது. ஒன்று, பூஜ்யம் என்று குழம்பிவிடும்.

கேள்வி: இந்தத் தொல்லையை முதலில் ஆரம்பித்தது யார்? – ஆட்டோ ஓட்டுநர், திருச்சி

பதில்: பாரிஸ் போலீஸ். 1893 ஆகஸ்ட் 14-ஆம் தேதி உத்தரவு அது. உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி எண் மூன்றையும் உலோகத் தகட்டில் எழுதி, வண்டியின் இடப்பக்கம் மாட்ட வேண்டும்; தகட்டை ஒருபோதும் மறைக்கக் கூடாது. முதல் உத்தரவிலேயே 'மறைக்காதே' என்று எழுத வேண்டியிருந்திருக்கிறது, பாருங்கள்! நியூயார்க் மாநிலம் 1901-இல் உரிமையாளர்களையே தகடு செய்துகொள்ளச் சொன்னது. பெயரின் முதலெழுத்துகள் போதும். 1903-இல் மாசசூசெட்ஸ் அரசே அடித்துக் கொடுக்கத் தொடங்கியது.

அது இருக்கட்டும். ஆயுத பூஜைக்கு நம்பர் பிளேட்டில் அப்பிய சந்தனத்தைத் துடைத்துவிட்டீர்களா?