கொரோனா காலத்தில் கதவை மூடிவிட்டு நூலகங்கள் எப்படிப் புத்தகம் கொடுத்தன?

அமெரிக்கப் பொது நூலகங்களை எடுத்துக்கொள்வோம். 2020-இல் வாசகர் இணையத்திலோ தொலைபேசியிலோ முன்பதிவு செய்வார். ஊழியர் புத்தகத்தை அவர் கணக்கில் பதிந்து, பெயர்ச்சீட்டு ஒட்டிய பையில் போட்டு வைப்பார். கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசகர் அழைத்ததும் பை வாசல் மேசைக்கோ காரின் பின்பெட்டிக்கோ வந்துவிடும்.

கொடுப்பது எளிது, திரும்பி வரும் புத்தகம்தான் சிக்கல். அதில் கிருமி எத்தனை நாள் தங்கும்? நூலகங்களின் கூட்டுறவு அமைப்பான ஓசிஎல்சி உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து நடத்திய ‘ரெல்ம்’ ஆய்வில், தனித்தனியாக வைத்த புத்தக அட்டைகளில் 3 நாளுக்குப் பின் வைரஸ் தென்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவற்றிலோ 6 நாளுக்குப் பிறகும் தென்பட்டது! அதனால் பல நூலகங்கள் திரும்பிய புத்தகங்களைத் தேதி குறித்து ஒதுக்கி வைத்தன. பொருள்களைத் தொடுவதால் பரவும் ஆபத்து குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி சொன்ன பிறகு அந்த வழக்கம் மெல்ல நின்றது.

மின்னூல் இரவலும் பெருகியது. ஆனால் என் மனத்தில் நிற்பது வைஃபைதான். கட்டடத்தைப் பூட்டியும் பல நூலகங்கள் அதை அணைக்கவில்லை. வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகள் நூலக வாசலில், காருக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் முடித்தார்கள்.