கலீஸ்: வசைச்சொல்லா, குழம்பின் பதமா?

தம்பி, துபாய்க்கு வந்த புதிதில், உங்கள் அலுவலகத்து லெபனான்காரர் ஒரு வாடிக்கையாளரைக் 'கலீஸ்' என்று கடிந்துகொண்டதையும், மதிய உணவின்போது ஈரானியர் தம் வீட்டுக் குழம்பை அதே சொல்லால் பாராட்டியதையும் எழுதி, இதை நீங்களும் பேச்சில் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டும் ஒரே அரபுச் சொல்தான். தடித்தது, கெட்டியானது, முரடானது என்பவை அதன் அடிப்படைப் பொருள்கள். எழுத்து அரபியில் அதற்கு இழிவு கட்டாயமில்லை. பெருங்குடலுக்கு மருத்துவத்தில் வழங்கும் பெயரிலேயே இந்த அடைமொழி உண்டு. குர்ஆன் 4:21இல் மணவாழ்வின் உறுதியான உடன்படிக்கைக்கும், 3:159இல் கடின உள்ளத்துக்கும் இதே சொல்தான் வருகிறது.

லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் மக்களின் பேச்சிலோ அது பெரும்பாலும் மனிதர்மேல்தான் விழும். இங்கிதம் தெரியாமல் எரிச்சலூட்டுபவர், சிரிக்கவைக்க முயன்று சலிப்பூட்டுபவர், கூட இருந்தாலே பாரமாகத் தோன்றுபவர் ஆகியோரெல்லாம் அவர்களுக்குக் 'கலீஸ்'. நெருங்கிய நண்பர்கள் 'பலா கலாஸா', அதாவது 'கடுப்பேற்றாதே', என்று விளையாட்டாகவும் சொல்லிக்கொள்வார்கள். அந்த உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை என்பதால், மேலாளரைப் பற்றி முதுகுக்குப் பின்னால்கூட இதைச் சொல்லாதீர்கள். இதற்கு நேர் எதிரான 'மஹ்தூம்' என்ற லெபனான் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்; நேர்ப்பொருள் 'செரிமானமானது' என்றாலும், பழக இனிமையானவர் என்ற பாராட்டு அது.

பாரசீகத்தில் இந்தச் சொல் பெரிதும் பதத்தையும் அடர்த்தியையும் சொல்லும். பாகும் சூப்பும் கெட்டியாக இருந்தால் கலீஸ். வேதியியலில் கரைசலின் செறிவுக்கும் இதன் உறவுச் சொல்லான 'கெல்ஸத்'தான் வழங்குகிறது. உங்கள் பேச்சில் ஊர்ச்சாயல் கலீஸாக இருக்கிறது என்று ஈரானியர் சொன்னால், அது தூக்கலாகத் தெரிகிறது என்றுதான் பொருள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் சென்னைக்காரர் என்பதால் ஒரு குழப்பம் கூடுதலாக வரும். உருதுவில் இச்சொல் அழுக்கு, அசுத்தம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. நம் ஊர்க் 'கலீஜ்' அந்த வழியாக வந்ததுதான். அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு, ஈரானியர் தம் குழம்பையே குறைசொல்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே வெளிவரும் கலீஜ் டைம்ஸ் நாளிதழின் பெயருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை; அது வளைகுடாவைக் குறிக்கும், முதலெழுத்தே வேறான தனி அரபுச் சொல்.